கென்ய கிராமத்துப் பள்ளிக்கு எதைக் கொடுப்பது: கட்டடமா, புத்தகமா, ஆசிரியரா?

நைரோபியிலும் மொம்பாசாவிலும் வேலை பார்க்கும் நம்மவர்கள் சிலர் அவ்வப்போது ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "கொஞ்சம் பேர் சேர்ந்து பணம் திரட்டியிருக்கிறோம். மேற்கு கென்யாப் பக்கம் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குச் செலவு செய்யலாம் என்று இருக்கிறோம். வகுப்பறை கட்டுவதா, புத்தகம் வாங்குவதா, ஆசிரியர் ஒருவரைப் போட்டுச் சம்பளம் கொடுப்பதா?" ஆளுக்கு ஒன்று சொல்வதால் பல மாதங்களாக முடிவெடுக்க முடியாமல் நிற்பவர்களும் உண்டு.

நல்லவேளையாக, இதற்கு ஊகத்தில் பதில் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் கேள்வியை உலகத்திலேயே அதிகமாகச் சோதித்துப் பார்த்த கிராமப்புறங்களில் ஒன்று மேற்கு கென்யாதான். உகாண்டா எல்லையை ஒட்டி, விக்டோரியா ஏரிக் கரையில் இருக்கிறது புசியா. 1990களில் ஒரு டச்சுத் தொண்டு நிறுவனம் அங்கே பள்ளிகளுக்கு உதவிக்கொண்டிருந்தது. எப்படியும் எல்லாப் பள்ளிக்கும் ஒரே ஆண்டில் உதவி போய்ச் சேராது. அப்படியானால் யாருக்கு முதலில் என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானிக்கலாம். உதவி பெற்ற பள்ளியையும் பெறாத பள்ளியையும் நேர்மையாக ஒப்பிட முடியும். மைக்கேல் கிரேமர் என்ற பொருளியல் அறிஞரும் அவருடைய கூட்டாளிகளும் இதைத்தான் செய்தார்கள். 2019-இல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ இருவரோடு கிரேமருக்கும் பொருளியல் நோபல் கிடைத்ததில் இந்தப் புசியா பள்ளிகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

## எதை வைத்து அளப்பது?

வழிகளைப் பார்ப்பதற்கு முன்னால் அளவுகோல்களைப் பேசிவிடலாம். நான் நான்கு கேள்விகள் வைத்துக்கொள்கிறேன்.

1. பிள்ளை பள்ளிக்கு வருகிறதா? வருகைப் பதிவேட்டில் இருக்கும் பெயரைக் கேட்கவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் போய்ப் பார்த்தால் பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும்.
2. வந்த பிள்ளை கற்கிறதா? அதிலும் எந்தப் பிள்ளை? முதல் வரிசையில் உட்காரும் பத்துப் பேரா, பின்னால் இருக்கும் அறுபது பேரா?
3. ரசீதில் வராத செலவு என்ன? ஆசிரியரின் நேரம், பெற்றோரின் கைக்காசு, ஊருக்குள் வரும் சந்தேகம் எல்லாம் இதில் சேரும்.
4. நம் பணம் நின்ற பிறகு என்ன ஆகும்?

என்னைக் கேட்டால் இரண்டாவது கேள்விதான் தலையானது. கென்யா 2003 ஜனவரியில் தொடக்கக் கல்வியைக் கட்டணமில்லாமல் ஆக்கியது. ஏறத்தாழ 59 லட்சமாக இருந்த மாணவர் எண்ணிக்கை 72 லட்சத்தைத் தாண்டியது. வாசலைத் திறந்ததும் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். உள்ளே வந்த பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

நிர்வாக ஏற்பாட்டையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2010 அரசியலமைப்பின்படி கவுன்டி (மாவட்டம் போன்றது) அரசு கையில் இருப்பது மழலையர் கல்வியும் கிராமத் தொழிற்பயிற்சி நிலையங்களும்தான். தொடக்கப் பள்ளி ஆசிரியரை நியமிப்பது, மாற்றுவது, சம்பளம் கொடுப்பது எல்லாம் நைரோபியில் இருக்கும் ஆசிரியர் பணி ஆணையத்தின் வேலை. பள்ளி அளவில் ஒரு மேலாண்மைக் குழு இருக்கும். நீங்கள் எந்த வழியை எடுத்தாலும் இந்த மூன்றில் யாரிடம் பேச வேண்டும் என்பது மாறும்.

## வகுப்பறைக் கட்டடம்

எல்லோரும் முதலில் நினைப்பது இதைத்தான். பெயர்ப்பலகை வைக்கலாம், புகைப்படம் எடுக்கலாம், பணம் எங்கே போனது என்று கண்ணால் பார்க்கலாம். ஊர்க்காரர்களும் இதைத்தான் கேட்பார்கள். சுதந்திரம் கிடைத்த காலத்திலிருந்தே 'ஹராம்பே' என்று சொல்லி ஊர் கூடிப் பள்ளி கட்டுவது கென்யாவில் பெரிய மரபு.

அதிலேயே ஒரு மறைமுகச் செலவும் இருக்கிறது. கட்டடத்தை ஊர் கட்டினால் ஆசிரியரை மத்திய அரசு தரும் என்பது பழைய ஏற்பாடு. அதனால் ஒவ்வொரு ஊரும் தனக்கென ஒரு பள்ளியைக் கட்டிக்கொண்டது. பள்ளிகள் அருகருகே முளைத்தன, ஆசிரியர் பணம் சிதறியது, புத்தகத்துக்கும் சுண்ணக்கட்டிக்கும் காசு இல்லாமல் போனது. புதிய பள்ளி ஒன்றைக் கட்ட நினைப்பவர்கள் பக்கத்துப் பள்ளி எவ்வளவு தூரம் என்று ஒரு தடவை நடந்து பார்த்துவிடுவது நல்லது.

இருக்கும் பள்ளியில் கூரை ஒழுகுகிறது, மழைக்காலத்தில் இரண்டு வகுப்பை ஒன்றாக அடைக்கிறார்கள், பெண்பிள்ளைகளுக்குக் கழிப்பறை இல்லை என்றால் கட்டுங்கள். ஆனால் அதற்கு முன் தொகுதி வளர்ச்சி நிதியிலிருந்து அதே வேலைக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறார்களா என்று கேளுங்கள். வகுப்பறை கட்ட அந்த நிதியை நிறையவே பயன்படுத்துகிறார்கள். அரசு கட்டப்போகும் அறையை நீங்கள் முந்திக்கொண்டு கட்டினால் பிள்ளைக்குக் கூடுதலாக எதுவும் கிடைப்பதில்லை.

## பாடப்புத்தகம்

நான்கு பிள்ளைகள் ஒரு புத்தகத்தை எட்டிப் பார்க்கும் வகுப்பில் ஆளுக்கொரு புத்தகம் கொடுத்தால் மதிப்பெண் கூடும் என்று யாரும் நினைப்பார்கள். புசியாவிலும் அப்படித்தான் நினைத்தார்கள். 100 பள்ளிகளில் குலுக்கிப் போட்டு, 1996-இல் முதல் 25 பள்ளிகளுக்குப் புத்தகம் கொடுத்தார்கள். சராசரி மதிப்பெண் நகரவில்லை. ஏற்கெனவே நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு மட்டும் மதிப்பெண் கூடியது.

காரணம் யோசித்தால் வலிக்கும். புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. வீட்டில் லுஹியா மொழிகளில் ஒன்றையோ டெசோவையோ பேசி, சுவாஹிலியை இரண்டாவதாகக் கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி. நாட்டின் பாடத்திட்டமே நன்றாகப் படிக்கும் பிள்ளையை, நகரத்துப் பிள்ளையை மனதில் வைத்து எழுதியதாக இருந்தது. பின்தங்கிய பிள்ளைக்குப் புத்தகத்தைத் திறந்தாலும் முதல் வரி ஏறாது. சுவரில் மாட்டும் படவிளக்க அட்டைகளையும் 178 பள்ளிகளை வைத்துச் சோதித்தார்கள். அதிலும் முன்னேற்றம் தெரியவில்லை.

இப்போது இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. 2018 முதல் அரசே நேரடியாகப் பள்ளிகளுக்குப் புத்தகம் அனுப்புகிறது. 8-4-4 (எட்டு ஆண்டு தொடக்கப் பள்ளி, நான்கு ஆண்டு உயர்நிலை, நான்கு ஆண்டு பல்கலைக்கழகம்) என்ற பழைய முறை போய்த் திறன் சார்ந்த புதிய பாடத்திட்டம் வந்துவிட்டது. எட்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு 2023-இல் கடைசியாக நடந்தது. பழைய பாடத்திட்டப் புத்தகத்தை மொத்தமாக வாங்கிக் கொடுத்தால் அலமாரியில்தான் கிடக்கும். ஆரம்ப வகுப்புகளுக்கான கதைப்புத்தகங்கள், சுவாஹிலியிலும் தாய்மொழியிலும் கிடைத்தால், அவற்றுக்குச் செலவு செய்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் புத்தகத்தை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்குவதில் பலன் இல்லை.

## குடற்புழு மாத்திரை

நம் ஊரில் குடற்புழு நீக்க நாளன்று பள்ளியில் மென்று தின்னக் கொடுக்கும் அதே அல்பெண்டசோல்தான். புசியாவில் 1998-இல் 75 பள்ளிகளில் இதைத் தொடங்கினார்கள். அங்கே பரிசோதித்த மாணவர்களில் 92 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு புழுத்தொற்று இருந்தது. ஏரிக்கரை ஊர்களில் நத்தை வழியாகப் பரவும் நீர்ப்புழு நோயும் உண்டு, அதற்கு வேறு மாத்திரை.

மாத்திரை கொடுத்த பள்ளிகளில் பிள்ளைகள் வராமல் இருக்கும் நாட்கள் கால் பங்கு குறைந்தன. மாத்திரை தின்னாத பக்கத்துப் பிள்ளைக்கும் தொற்று குறைந்தது. செலவு பிள்ளைக்கு ஆண்டுக்கு அரை டாலர் அளவுதான். இவ்வளவு குறைந்த செலவில் இத்தனை பள்ளி நாட்களை வாங்கித் தரும் வேறு வழி அந்தச் சோதனைகளில் இல்லை. 2015-இல் இந்த ஆய்வின் கணக்கை மறுபடி பிரித்துப் பார்த்தபோது பெரிய வாக்குவாதம் எழுந்தது. சில எண்களைத் திருத்தவும் வேண்டியிருந்தது. பின்னர் அதே பிள்ளைகளை இருபது ஆண்டு கழித்துத் தேடிப் பார்த்தபோது, கூடுதல் ஆண்டுகள் மாத்திரை பெற்றவர்களின் மணிநேர வருமானம் 13 சதவீதம் அதிகமாக இருந்ததாக 2021-இல் வெளியிட்டார்கள்.

ஆனால் தேர்வு மதிப்பெண் கூடவில்லை. அது முக்கியம். மாத்திரை பிள்ளையைப் பள்ளிக்கு வர வைத்தது. அதற்குமேல் வேலை செய்ய வேண்டியது வகுப்பறை.

இதில் உதவி செய்ய நினைப்பவர்கள் செய்யக்கூடாத ஒன்று உண்டு. "இலவசமாகக் கொடுத்தால் மதிப்பு தெரியாது, கொஞ்சம் காசு வாங்கலாம்" என்று ஒரு கட்டத்தில் சிறு கட்டணம் வைத்துப் பார்த்தார்கள். 75 சதவீதமாக இருந்த பயன்பாடு ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே விழுந்துவிட்டது.

இன்று கென்யாவில் இது அரசுத் திட்டம், மாத்திரையையும் உற்பத்தி நிறுவனங்கள் நன்கொடையாகத் தருகின்றன. ஆகவே நீங்கள் வாங்க வேண்டியதில்லை. உங்கள் பள்ளிக்கு அந்த நாள் தவறாமல் வருகிறதா, அன்று வராத பிள்ளைக்கு மறுநாள் கொடுக்கிறார்களா என்று பார்த்தாலே போதும்.

## சீருடையும் உணவும்

கட்டணம் போனாலும் சீருடை போகவில்லை. சீருடை இல்லாமல் வகுப்புக்கு வரப் பிள்ளைக்குக் கூச்சம். சில பள்ளிகளில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சீருடை கொடுத்தபோது பிள்ளைகள் வராமல் இருப்பது மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாகக் குறைந்தது, அதுவரை சீருடையே இல்லாத பிள்ளைகளிடம் இன்னும் அதிகமாக. மேல் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குச் சீருடை கொடுத்த வேறொரு பெரிய சோதனையில், படிப்பை நிறுத்துவதும் இளவயதில் கருவுறுவதும் குறைந்தன. ஆனால் சிறு பிள்ளைகளிடம் வருகையில் கண்ட பலன் நீண்ட காலம் நிற்கவில்லை. பிள்ளை வளரும், சட்டை பத்தாமல் போகும். ஒரு தடவை கொடுத்துவிட்டு நிறுத்தினால் அதோடு முடிந்தது.

உணவு என்றதும் நமக்குச் சத்துணவு நினைவு வரும், மனசும் அந்தப் பக்கம் சாயும். புசியாவிலும் பக்கத்து டெசோ மாவட்டத்திலும் 25 மழலையர் பள்ளிகளில் கஞ்சி கொடுத்துப் பார்த்தார்கள். கஞ்சி இல்லாத பள்ளிகளைவிட வருகை 30 சதவீதம் அதிகம். மறைமுகச் செலவு வகுப்புக்குள் இருந்தது. கஞ்சி காய்ச்சி, பரிமாறி, பாத்திரம் கழுவுவதில் பாட நேரம் குறைந்தது. உணவுப் பள்ளிகள் பெற்றோரிடம் வாங்கும் கட்டணத்தையும் ஏற்றிவிட்டன. ஆசிரியர் தேர்ந்தவராக இருந்த பள்ளிகளில்தான் மதிப்பெண் கூடியது. பஞ்ச காலத்தில், பசியோடு வரும் பிள்ளைகள் அதிகமுள்ள பள்ளியில் உணவுதான் முதல் வேலை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்படிச் செய்தால் சமைக்கத் தனி ஆள் ஒருவருக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள். ஆசிரியரை அடுப்புக்கு அனுப்பாதீர்கள்.

## கூடுதல் ஆசிரியர்

2005-இல் மேற்கு கென்யாவின் 210 பள்ளிகளில் இதைச் சோதித்தார்கள். அதில் 140 பள்ளிகளுக்கு ஆளுக்கு ஓர் ஒப்பந்த ஆசிரியர். ஒன்றாம் வகுப்பில் 80-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் இருந்த இடத்தில் வகுப்பு ஏறக்குறைய பாதியானது. ஒப்பந்த ஆசிரியருக்கு நிரந்தர ஆசிரியர் சம்பளத்தில் கால் பங்குதான்.

நடந்தது இது. ஒப்பந்த ஆசிரியரிடம் படித்த பிள்ளைகள் முன்னேறினார்கள். நிரந்தர ஆசிரியரிடம் இருந்தவர்களுக்கு, வகுப்பு பாதியாகியும், குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை. 'இன்னொருவர் இருக்கிறாரே' என்று நிரந்தர ஆசிரியர்கள் வகுப்புக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார்கள். நியமிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் பள்ளியில் ஏற்கெனவே இருந்த ஆசிரியரின் உறவுக்காரர். பெற்றோர் குழுவுக்குப் பயிற்சி கொடுத்து, ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கவும் கண்காணிக்கவும் விட்ட பள்ளிகளில் இந்தக் குறைகள் தணிந்தன. சில பள்ளிகளில் பிள்ளைகளை அவர்கள் இருந்த நிலைக்கு ஏற்ப இரண்டு பிரிவாக்கினார்கள். மேல் பிரிவு, கீழ்ப் பிரிவு இரண்டுமே கூடுதலாகக் கற்றன. கீழ்ப் பிரிவை ஒதுக்கிவிடுவார்கள் என்ற பயம் அங்கே உண்மையாகவில்லை. ஆசிரியருக்கு ஒரே தரத்துப் பிள்ளைகள் கிடைத்ததும் அவர்களுக்குப் புரியும் இடத்திலிருந்து தொடங்க முடிந்தது.

அரசு இதைப் பெரிதாக்கப் பார்த்தது. 2010 வாக்கில் 18,000 ஒப்பந்த ஆசிரியர்களை எடுத்தார்கள். ஆசிரியர் சங்கம் நீதிமன்றம் போனது. எட்டு மாகாணங்களிலும் நடந்த ஒப்பீட்டில், தொண்டு நிறுவனம் நடத்திய இடங்களில் பிள்ளைகள் முன்னேறினார்கள், கல்வி அமைச்சகம் நடத்திய இடங்களில் பலன் பூஜ்ஜியம். சம்பளம் தாமதமானது, கண்காணிப்பு பலவீனமாக இருந்தது.

இதை எடுப்பவர்கள் குறைந்தது மூன்று ஆண்டுச் சம்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். ஒரு ஆசிரியரை ஒரே ஆண்டில் நிறுத்தினால் அந்த வகுப்பு நடுவழியில் நிற்கும், அந்த ஆசிரியரின் பிழைப்பும் போகும்.

## பாடம் நடத்தும் முறை

இதற்குப் புகைப்படம் கிடைக்காது, பெயர்ப்பலகையும் வைக்க முடியாது. ஆனால் பின்வரிசைப் பிள்ளைக்கு நேராகப் போய்ச் சேர்வது இதுதான்.

கென்யா 2015-இல் 'டுசோமே' என்ற வாசிப்புத் திட்டத்தை நாடு முழுக்க அரசுப் பள்ளிகளில் தொடங்கியது. அமெரிக்காவும் பிரிட்டனும் பணம் கொடுத்தன. முதல் இரண்டு வகுப்புகளில் சுவாஹிலிக்கும் ஆங்கிலத்துக்கும் பிள்ளைக்கு ஒரு புத்தகம். ஆசிரியருக்கு நாள்வாரியாக என்ன செய்ய வேண்டும் என்று எழுதிய கையேடு. வகுப்பில் உட்கார்ந்து பார்த்துத் திருத்தம் சொல்லும் அரசுப் பாடத்திட்ட அலுவலர். அந்த அலுவலர்கள் முன்பே இருந்தவர்கள்தான். வகுப்பைப் பார்த்த பதிவு டேப்லெட்டில் இருந்தால்தான் பயணப்படி என்று ஆனதும் பள்ளிகளுக்குப் போக ஆரம்பித்தார்கள். ஒரு சொல்கூடப் படிக்கத் தெரியாத இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் விகிதம் வெகுவாகக் குறைந்தது. பயிற்சி மட்டும், பயிற்சியோடு புத்தகம், அவற்றோடு கையேடும் என்று தனித்தனியாக முன்னோட்டத்தில் சோதித்தபோது, கையேடும் சேர்ந்த கூட்டுதான் செலவுக்கு அதிகப் பலன் தந்தது. அதே புத்தகம்தான். சொல்லிக் கொடுக்கும் முறையோடு வந்தபோது வேலை செய்தது.

மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைகளுக்கு வேறொரு வழி: தினமும் ஒரு மணி நேரம் வகுப்பை மறந்து, தெரிந்த அளவை வைத்துக் குழு பிரித்து நடத்துவது. இது இந்தியாவில் பிரதம் அமைப்பு வளர்த்த முறை. ஜாம்பியா அரசு 2016 முதல் இதைத் தன் பள்ளிகளில் நடத்திவருகிறது.

மறைமுகச் செலவு என்றால் ஆட்களின் நேரம். தலைமை ஆசிரியர் கால அட்டவணையை மாற்றச் சம்மதிக்க வேண்டும், யாராவது வாராவாரம் வந்து பார்க்க வேண்டும். பார்ப்பவர் நின்றுவிட்டால் கையேடு மேசைக்குள் போய்விடும்.

டேப்லெட் பற்றியும் கேட்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. மேற்கு கென்யாவின் கிசுமுவில் அலுவலருக்கு, ஆசிரியருக்கு, மாணவருக்கு என்று தனித்தனியாக டேப்லெட் கொடுத்துப் பார்த்தார்கள். டேப்லெட் இல்லாத அடிப்படைத் திட்டத்தைவிடப் பெரிதாக எதுவும் கூடவில்லை, செலவு மட்டும் கூடியது. மாணவர் கையில் கொடுப்பதைத் தவிர்க்கலாம்.

## பெண்பிள்ளைகளுக்குப் பரிசுத்தொகை

2001-இல் புசியாவிலும் டெசோவிலும் ஆறாம் வகுப்புத் தேர்வில் முதல் 15 சதவீதத்தில் வந்த பெண்பிள்ளைகளுக்கு இரண்டு ஆண்டு உதவித்தொகை. புசியாவில் ஜெயிக்க வாய்ப்பே குறைந்த பெண்பிள்ளைகளும் முன்னேறினார்கள், ஆசிரியர்களும் கூடுதலாக வகுப்புக்கு வந்தார்கள். டெசோவில் எடுபடவில்லை. அந்த ஆண்டு அங்கே ஒரு பள்ளியில் இடி விழுந்து 7 மாணவர்கள் இறந்தார்கள். ஊரில் சிலர் அதைத் தொண்டு நிறுவனத்தோடு முடிச்சுப் போட்டார்கள், சில பள்ளிகள் விலகின. அங்கே முன்பிருந்தே நம்பிக்கை குறைவு. ஊரோடு பேச்சு வார்த்தை இல்லாத இடத்தில் தேர்ந்தெடுத்துச் சிலருக்கு மட்டும் பணம் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்க வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| வழி | வருகை | கற்றல் | மறைமுகச் செலவு | எப்போது இதை எடுக்கலாம் |
|---|---|---|---|---|
| கட்டடம் | இருக்கும் பள்ளியைப் பொறுத்தது | நேரடியாக இல்லை | அருகருகே பள்ளிகள், சிதறும் ஆசிரியர்கள் | கூரை, கழிப்பறை இல்லாதபோது |
| புத்தகம் மட்டும் | இல்லை | முன்வரிசைக்கு மட்டும் | பாடத்திட்டம் மாறினால் வீண் | கையேடு, பயிற்சியோடு சேர்த்து |
| குடற்புழு மாத்திரை | நன்றாகக் கூடும் | மதிப்பெண் கூடவில்லை | கட்டணம் வைத்தால் யாரும் வாங்கமாட்டார்கள் | அரசு முகாம் எட்டாத பள்ளி |
| சீருடை | கூடும் | தெளிவில்லை | அடிக்கடி புதிதாகத் தர வேண்டும் | மேல் வகுப்புப் பெண்பிள்ளைகள், ஏழைக் குடும்பங்கள் |
| உணவு | கூடும் | ஆசிரியரைப் பொறுத்தது | பாட நேரம், கட்டண உயர்வு | பசி அதிகமான பகுதி |
| ஒப்பந்த ஆசிரியர் | ஓரளவு | அவரிடம் படிப்பவர்களுக்குக் கூடும் | நிரந்தர ஆசிரியரின் மெத்தனம், உறவுக்காரர் நியமனம் | பெரிய வகுப்பு, விழிப்பான பெற்றோர் குழு |
| பாடமுறை | நேரடியாக இல்லை | பின்வரிசைக்கும் கூடும் | தொடர்ந்து வந்து பார்க்கும் ஆள் | வருகிறார்கள், படிக்கத் தெரியவில்லை என்ற பள்ளி |

## சரி, எங்கிருந்து தொடங்குவது?

பள்ளிக்குப் போய் இரண்டு காரியம் செய்யுங்கள். முதலாவது, முன்கூட்டிச் சொல்லாமல் போய்த் தலை எண்ணுங்கள். பதிவேட்டில் இருப்பவர்களில் பெரும் பகுதி இல்லை என்றால் தடை வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவில் இருக்கிறது. மாத்திரை, சீருடை, உணவு என்று அந்தப் பக்கம் யோசியுங்கள். இரண்டாவது, நான்காம் வகுப்பில் இருபது பிள்ளைகளிடம் இரண்டாம் வகுப்புச் சுவாஹிலிப் பத்தி ஒன்றைக் கொடுத்துத் தனித்தனியாகப் படிக்கச் சொல்லுங்கள். பாதிக்கு மேல் தடுமாறினால் பணத்தைப் பாடமுறைக்கும், மூன்று ஆண்டுக்குக் கையிருப்பு இருந்தால் ஒப்பந்த ஆசிரியருக்கும் போடுங்கள். இரண்டுமே மோசம் என்றால் வருகைக்கான மலிவான வேலைகளை முதலில் முடித்துவிட்டு, மீதம் முழுவதையும் வாசிப்புக்குக் கொடுப்பேன். நான் பார்த்தவரை இன்றைய கென்யப் பள்ளிகளில் தடை பெரும்பாலும் இந்த இரண்டாவது பக்கத்தில்தான் இருக்கிறது.

பெரிய நாடுகளின் பணத்தையும் நிரந்தரம் என்று நம்ப முடியாது. டுசோமேக்குப் பணம் தந்த அமெரிக்க வளர்ச்சி உதவி நிறுவனமே 2025-இல் மூடப்பட்டது. சிறிய குழுக்களுக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது: ஏற்கெனவே அச்சடித்த கையேடுகள் பள்ளியில் இருக்கும், பயன்படுத்துகிறார்களா என்று வந்து பார்க்க ஆள்தான் இல்லாமல் போகும். அந்த வட்டத்துப் பாடத்திட்ட அலுவலருக்கு மோட்டார் சைக்கிள் பெட்ரோல் செலவும், ஆசிரியர்கள் மாதம் ஒரு முறை கூடிப் பேச ஒரு சாப்பாட்டுச் செலவும் ஒரு வகுப்பறை கட்டும் செலவில் சிறு பகுதிதான். கென்யாவில் கல்வி ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது. அக்டோபருக்குள் தலைமை ஆசிரியரையும் மேலாண்மைக் குழுவையும் அந்த அலுவலரையும் ஒரே இடத்தில் உட்கார வைத்துப் பேசி முடித்தால்தான் அடுத்த ஆண்டின் கால அட்டவணையில் அந்த ஒரு மணி நேரத்துக்கு இடம் கிடைக்கும்.